வேகன்ஆரைக் கொடுப்பதா, ஸ்விஃப்டைக் கொடுப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று, அப்பா பெயரில் 2012 செப்டம்பரில் எடுத்த வேகன்ஆர் பெட்ரோல், 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்னொன்று, என் பெயரில் 2014 மார்ச்சில் எடுத்த ஸ்விஃப்ட் டீசல், 1,48,000 கி.மீ. இப்போது நான்கு மீட்டருக்குள் வரும் பெட்ரோல் எஸ்.யு.வி. ஒன்றை ஆட்டோமேட்டிக்கில் வாங்கப் போகிறோம். வாசலில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். மாதம் ஒருமுறை சென்னை போய் வருவோம். மனைவி தினமும் 7 கி.மீ. தள்ளி உள்ள பள்ளிக்கு ஓட்டிப் போகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாரம் ஒருமுறை பிசியோதெரபி. ஷோரூமில் வேகன்ஆருக்கு 1,35,000 ரூபாயும் ஸ்விஃப்டுக்கு 2,60,000 ரூபாயும் எக்ஸ்சேஞ்ச் விலை சொல்கிறார்கள். மெக்கானிக் கணக்குப்படி ஸ்விஃப்டுக்கு கிளட்ச் செட், இரண்டு இன்ஜெக்டர், லோயர் ஆர்ம், நான்கு டயர் எல்லாம் சேர்த்து 62,000 ஆகும். வேகன்ஆருக்கு இன்ஜின் மவுன்ட், ஏ.சி., கொஞ்சம் துரு வேலை என்று 18,000. "15 வருஷம் முடியப்போற வண்டியைத் தள்ளிவிடு, டீசல் மைலேஜ் கொடுக்கும், அதை வெச்சுக்கோ" என்கிறார் மச்சான். அப்பாவுக்கோ வேகன்ஆரை விட மனசில்லை. ஸ்விஃப்டுக்கு வாங்கிய கடன் 2019-லேயே முடிந்துவிட்டது. எதைக் கொடுப்பது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஸ்விஃப்டைக் கொடுங்கள். அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அவர் மனசு விடாததற்காக அல்ல.

இரண்டு பழைய வண்டிகளில் எதை விற்பது என்று வரும்போது எல்லாரும் வயதையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு: புது வண்டி வந்ததும் யாருடைய வேலை பறிபோகிறது? நீங்கள் வாங்கும் எஸ்.யு.வி. சென்னைக்குப் போகத்தான். இதுவரை அந்த வேலையைச் செய்தது ஸ்விஃப்ட். வேகன்ஆரின் வேலை பள்ளிக்கூடம், பிசியோதெரபி, கடைத்தெரு. அது நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். வேகன்ஆரை விற்றால் அந்த வேலையை ஸ்விஃப்டின் தலையில் கட்டுவீர்கள். பழைய டீசல் வண்டிக்கு அதைவிடக் கெட்ட வேலை கிடையாது.

டீசல் இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும். 7 கி.மீ. தூரத்தில் அது சரியான வெப்பத்தைத் தொடுவதற்குள் பள்ளி வாசல் வந்துவிடும். சூடாகாமல் ஓடும்போது கரி அதிகம் சேரும். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு வழியாக அந்தக் கரி, காற்று உள்ளே போகும் இன்டேக் பாதைக்கு வந்து, அங்கே இருக்கும் எண்ணெய் ஆவியோடு கலந்து தார் மாதிரி அப்பிக்கொள்ளும். ஆறு மாதத்தில் இழுவை குறையும், கறுப்புப் புகை வரும், எச்சரிக்கை விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் மாதம் ஒருமுறை 600 கி.மீ. ஓடியதால்தான் உங்கள் ஸ்விஃப்ட் 1,48,000 வரை பெரிய தொல்லை தராமல் வந்திருக்கிறது. அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் வைத்துக்கொள்வதில் பொருள் இல்லை.

மச்சான் சொல்லும் மைலேஜைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உள்ளூர் ஓட்டம் மாதம் 500 கி.மீ. என்று வையுங்கள். டவுனுக்குள் ஸ்விஃப்ட் டீசல் லிட்டருக்கு 17, வேகன்ஆர் 14 கொடுக்கட்டும். டீசல் 94 ரூபாய், பெட்ரோல் 102 ரூபாய் என்றால் டீசல் செலவு சுமார் 2,770, பெட்ரோல் செலவு சுமார் 3,640. வித்தியாசம் மாதம் 870, வருடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். இதில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வித்தியாசத்தையும் கழியுங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சி.சி.க்குள் இருக்கும் வேகன்ஆருக்கு 2,094 ரூபாய், 1248 சி.சி. ஸ்விஃப்டுக்கு 3,416 ரூபாய். மிஞ்சுவது வருடத்துக்கு ஒன்பதாயிரம் சொச்சம். இரண்டு வண்டியின் ரிப்பேர் செலவுக்கும் இடையே உள்ள 44,000 ரூபாயை இந்த மிச்சத்தில் ஈடுகட்ட ஐந்து வருடம் ஆகும். அதற்குள் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ ஒருமுறை படுத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது '15 வருஷம்'. இது ஊரெல்லாம் பரவியிருக்கும் பயம். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் தடை என்று படித்த செய்தியை நம் ஊருக்கும் சேர்த்துப் படித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு வயதுத் தடை இல்லை. பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். அதோடு பசுமை வரி. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம். உங்கள் வேகன்ஆருக்கு 2027 செப்டம்பரில் பதிவு முடிகிறது. முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பித்து வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். விளக்கு, பிரேக், நம்பர் பிளேட், புகைச் சான்று, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றோடு சேஸிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். பலர் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசி விஷயத்தில்தான். எண் பொறித்த தகட்டில் துரு ஏறி எழுத்து மங்கிவிட்டால் பென்சில் அச்சு எடுக்க வராது, இழுத்தடிப்பு ஆகிவிடும். இப்போதே பானட்டைத் திறந்து அந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தின் ஆழம் போனால் எண்ணைத் திருத்தினீர்களா என்ற கேள்வி வரும்.

மச்சான் கவனிக்காத இன்னொன்று: 15 வருடம் ஸ்விஃப்டுக்கும் வருகிறது, 2029 மார்ச்சில். இன்று அதை வாங்குபவருக்குப் பதிவில் இன்னும் சில வருடம் பாக்கி. கடன் தரவும் ஒரு சில நிதி நிறுவனங்களாவது முன்வரும். இரண்டு வருடம் கழித்து அதே வண்டிக்குக் கடன் கிடைக்காது, முழுப் பணம் கையில் இருப்பவர் மட்டுமே வருவார். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டதால் நல்ல ஸ்விஃப்ட் டீசலைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முக்கியமாக தினமும் 80, 100 கி.மீ. ஓடுபவர்கள். ஆனால் வருடா வருடம் குறைகிறார்கள். வேகன்ஆர் விழ வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதை மூன்று வருடம் வைத்திருந்தால் நீங்கள் இழப்பது ஐம்பது, அறுபதாயிரம் இருக்கும். ஸ்விஃப்டை வைத்திருந்தால் இழப்பு லட்சத்தைத் தாண்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விவரம். வேகன்ஆர் அப்பா பெயரில், ஸ்விஃப்ட் உங்கள் பெயரில். நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) வண்டிக்குச் சொந்தமில்லை, பாலிசி எடுத்த ஆளுக்குச் சொந்தம். கிளைம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50 சதவீதத்தில் நிற்கும். பழைய காரை விற்றால் அந்தச் சலுகையைப் புதுக் காரின் சொந்தச் சேதப் பகுதிப் பிரீமியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பகுதி 22,000 என்றால் 50 சதவீதத்தில் 11,000 மிச்சம். ஆனால் புது வண்டியும் அதே பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் வேகன்ஆரை விற்றுவிட்டு உங்கள் பெயரில் புது வண்டி எடுத்தால் அப்பாவின் போனஸ் உங்களுக்கு வராது. ஸ்விஃப்டை விற்றால் வரும். கடந்த ஆண்டுகளில் கிளைம் எடுத்திருக்கிறீர்களா என்று ஸ்விஃப்ட் பாலிசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததை மறைத்து 50 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் புது வண்டி கிளைமில் அது வந்து நிற்கும்.

இதில் வரிசை முக்கியம். ஸ்விஃப்டை விற்றதற்கான ஆதாரத்தை (பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல், டெலிவரி நோட்) இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தால் போனஸை ஒதுக்கிவைத்ததாகக் கடிதம் தருவார்கள். அது மூன்று வருடம் செல்லும். புது வண்டி முந்திக்கொண்டு வந்து முதல் வருடம் தவறிப்போனாலும் அடுத்த வருடப் புதுப்பிப்பில் பயன்படுத்தலாம். ஸ்விஃப்ட் வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்: பாலிசி அவர் பெயருக்கு மாறும்போது அந்தப் போனஸ் தொகையை அவர் கட்ட வேண்டிவரும். முன்கூட்டிச் சொன்னால் பேரம், பின்னால் தெரிந்தால் சண்டை.

62,000 என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றாலும், விலை பேச உட்காரும்போது உங்கள் வண்டியின் நிலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'இரண்டு இன்ஜெக்டர்' என்று காதால் கேட்டுச் சொன்னாரா, சோதித்துச் சொன்னாரா? லீக்-ஆஃப் சோதனை என்று ஒன்று உண்டு, அரை மணி நேர வேலை. நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு டியூப் மாட்டி, நான்கு ஒரே அளவு பாட்டிலில் விட வேண்டும். இன்ஜினை ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பாட்டில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கிலும் டீசல் ஏறக்குறைய சமமாக இருந்தால் இன்ஜெக்டரில் கசிவு இல்லை. ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று பங்கு நின்றால் அதுதான் குற்றவாளி. இரண்டு என்று சொன்ன இடத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

கிளட்சுக்குச் சோதனை இன்னும் எளிது. காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இந்த 1.3 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் நீண்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி சங்கிலி உரசுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். இரவு முழுக்க நின்ற வண்டியை பானட் திறந்தபடி ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். விஷயம் தெரிந்த ஆள் ஸ்விஃப்ட் வாங்க வந்தால் காலை ஆறு மணிக்கு வருவார், வந்ததும் பானட்டைத் தொட்டு இன்ஜின் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

விற்பதற்காக கிளட்ச், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டாம். போடும் காசில் பாதிகூட விலையில் ஏறாது. டயரும் அப்படித்தான். 'கிளட்ச் அடுத்த வருடம் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குக் குறைத்துத்தான் சொல்கிறேன்' என்று நேராகச் சொல்வது லாபம். செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்: எரியாத பல்ப், கிழிந்த வைப்பர், மஞ்சள் பூத்த ஹெட்லைட்டுக்கு பாலிஷ், உள்ளே நல்ல சுத்தம். சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் போடுங்கள். இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள்; அது இல்லையென்றால் வாங்குபவர் உடனே சில ஆயிரம் குறைப்பார்.

ஷோரூம் சொன்ன 2,60,000-ல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் சேர்ந்திருக்கிறதா? புது வண்டிக்கு இரண்டு விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள். ஒன்று பழைய வண்டி கொடுக்காமல், இன்னொன்று கொடுத்து. இந்தக் கையால் 25,000 போனஸ் கொடுத்துவிட்டு அந்தக் கையால் ரொக்கத் தள்ளுபடியை எடுத்துவிடுவது புதிதில்லை. இரண்டு பட்டியலின் கடைசி வரியைக் கழித்தால் வருவதுதான் உங்கள் ஸ்விஃப்டுக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. வெளியில் நேரடியாக விற்றால் அதைவிட 20,000-க்கு மேல் கிடைக்கும் என்றால் அலையலாம். அதற்குக் குறைவென்றால் ஷோரூமிலேயே விட்டுவிடுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதில் புது வண்டி விலை குறைந்தது, அதன் பின்னாலேயே பழைய வண்டி விலையும் இறங்கியது. அதற்கு முந்தைய விலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வண்டி வாசலிலேயே நிற்கும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டிகள் பழைய கார் விற்கும் யார்டுகளை நிரப்பிவிடும், ஆடியில் வாங்குபவர் வரமாட்டார். இரண்டையும் தவிர்த்து விலை பேசுங்கள்.

ஸ்விஃப்ட் கடன் 2019-ல் முடிந்தது என்கிறீர்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்பட்டதா என்று இன்றே பாருங்கள். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுபவர்களே அதிகம். பெயர் அப்படியே இருந்தால் வங்கியிலிருந்து புதிதாக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, படிவம் 35-ஓடு விண்ணப்பித்து நீக்க வேண்டும். வங்கிக் கிளை மாறியிருந்தால் இதற்கே சில வாரம் போய்விடும். புது வண்டி புக் செய்யும் முன்பே தொடங்குங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதச் சலான் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் வேகன்ஆருக்கு வருவோம். 18,000-ல் முதலில் துருவைச் செய்யுங்கள், ஏ.சி. பிறகு. வண்டியை லிஃப்டில் ஏற்றி, உள்ளே மிதியடியைத் தூக்கி, கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு, பின் ஆக்ஸில் பிடிக்கும் இடம், தரைத் தகடு எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் பெயின்ட் மட்டும் உப்பியிருந்தால் டிங்கரிங்கில் முடியும். தரைத் தகட்டிலோ ஆக்ஸில் பிடிமானத்திலோ முனை உள்ளே போனால் நான் மேலே சொன்னது எல்லாம் தலைகீழ். அப்போது வேகன்ஆரைத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி, ஒருமுறை கொதித்து ஹெட் கேஸ்கெட் போன வண்டி என்றாலும் அப்படியே. முடிவெடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

வேகன்ஆரின் மூன்று சிலிண்டர் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் அமுங்கிவிட்டால் ஐடிலில் ஸ்டீரிங் முதல் கண்ணாடி வரை நடுங்கும். இன்ஜின் போய்விட்டது என்று பயப்படுவார்கள். மவுன்ட் மாற்றினால் அடங்கிவிடும். எரிபொருள் ரப்பர் குழாய்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; 2012 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாயை வளைத்துப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்பு தெரியும், சில நேரம் லேசான பெட்ரோல் வாடையும் வரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தவும் கூடாது. பள்ளி விடுமுறையில் நான்கு நாளுக்கு ஒருமுறை அப்பா அரை மணி நேரம் ஓட்டட்டும்.

அம்மாவுக்கு அந்த உயரமான சீட் ஒரு வரம். ஸ்விஃப்டில் இறங்கி உட்கார வேண்டும், எழும்போது முழங்காலை ஊன்ற வேண்டும். வேகன்ஆரில் நாற்காலியில் உட்காருவது போல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். 2012 வண்டியில் இவை இருந்தால் அதிர்ஷ்டம். தஞ்சாவூர் கல்யாணம், திருச்சி ஏர்போர்ட் என்றால் எஸ்.யு.வி.யை எடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் கறாராக இருங்கள். தேதி போடாமல் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'பார்ட்டி கிடைத்ததும் நேரே அவர் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்' என்று புரோக்கர் சொன்னால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று மாலை அந்த வண்டி சிக்னலைத் தாண்டினாலும் அந்த நேரம்தான் உங்களைக் காப்பாற்றும். வெளி மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும். கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேகைக் கிழித்து எடுத்துவிட்டு, கொடுத்த வங்கியிடம் சொல்லிக் கணக்கையும் மூடுங்கள். கிழித்தால் மட்டும் போதாது. கணக்கு திறந்திருக்கும்வரை அந்த நம்பர் பிளேட் உங்கள் பணத்தோடு கட்டப்பட்டிருக்கும், வாங்கியவர் தன் வண்டிக்குப் புது டேக் எடுக்கப் போனாலும் தடை வரும்.